சாய்ந்த தரையும் தனி ஓட்டுநரும்

அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கலிஃபோர்னியா எல்லையை ஒட்டி, குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் வெயில் எல்லாரையும் விரட்டிவிடும். குளிர்காலம் பிறந்ததும், வடக்கே பனிக்குத் தப்பி வருகிறவர்களின் மோட்டார் ஹோம்களும் வேன்களும் ஊரைச் சுற்றிய பாலைநிலத்தை நிறைத்துவிடும். அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் உள்ள நிலம் அது. நீண்ட காலம் தங்குவதற்கென்று ஒதுக்கிய பகுதிகளில் 180 டாலர் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கினால், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். மற்றப் பொதுநிலங்களில் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள் வரை காசு வாங்காமலே தங்க விடுகிறார்கள். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கிடைக்கும் தரை ஒன்றுதான்: சரளை, மண், முட்செடி. சிமென்ட் தளம் போட்டு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது.

அங்கே வந்து சேர்கிறவர்களில் துணையில்லாமல் பயணிப்பவர்கள் நிறையப் பேர். ஓய்வு பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், வீட்டு வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் சக்கரத்தின் மேல் குடியேறியவர்கள். பாப் வெல்ஸ் என்பவர் 2010-இல் அந்தப் பகுதியில் தொடங்கிய ஆண்டுக் கூடுகை இவர்களைப் பரவலாக அறியச் செய்தது. ஜெசிகா புரூடரின் 'நோமேட்லேண்ட்' நூல் 2017-இல் வந்தது, அதைத் தழுவிய படம் 2020-இல் வந்தது. அவர்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசப் பெரிய விஷயங்கள் பல உண்டு. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது சின்ன விஷயம். மாலை நாலு மணிக்கு ஒருவர் தனியாக வந்து நிற்கிறார். வண்டி ஆறு டன். தரை கோணல். உள்ளே தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தால் நழுவுகிறது. இந்த வண்டியை ஒரே ஆள் எப்படி மட்டப்படுத்துவது?

இருவர் இருந்தால் இது எளிய வேலை. ஒருவர் ஸ்டீயரிங்கில், இன்னொருவர் வெளியே. வெளியே நிற்பவர் கட்டையைச் சக்கரத்துக்கு முன் வைப்பார், "வா, வா, நில்" என்பார், உடனே முட்டுக்கட்டை கொடுப்பார். திருவாரூர் ஆழித்தேரை இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற அந்தச் சிலரால்தான் தேர் திரும்புகிறது. தனியாகப் பயணிப்பவருக்கு அந்த வெளியாள் இல்லை. மோட்டார் ஹோம் துணைக்கருவிச் சந்தையில் ஒரு பகுதி இந்த வெளியாளுக்கு மாற்றாக எதையாவது விற்பதில்தான் ஓடுகிறது. என் கட்சி வேறு: கட்டை, ஜாக்கி, சென்சார் எல்லாம் இரண்டாம் பட்சம். வேலையின் பெரும்பகுதி, ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில், வண்டி ஏன் மட்டமாக நிற்க வேண்டும்? தலை தாழ்ந்து படுத்தால் தூக்கம் வராது. கதவு தானே திறக்கும், தானே சாத்தும். குளியல் தொட்டியின் தண்ணீர் வடிகால் இல்லாத மூலையில் தேங்கும். பக்கச் சுவரை வெளியே நீட்டி அறையைப் பெரிதாக்கும் அமைப்பு இருந்தால், சாய்வில் அது இறுகிக்கொள்ளும். இவையெல்லாம் தொந்தரவுகள், சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாத காரணம் ஒன்றுண்டு. அது குளிர்சாதனப் பெட்டி.

பழைய மோட்டார் ஹோம்களிலும் இன்றுள்ள பலவற்றிலும் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ் போன்ற கம்ப்ரசர் வகை அல்ல. கேஸ் சுடரிலும் மின்சாரத்திலும் மாறிமாறி ஓடும் உறிஞ்சு வகை. ஸ்டாக்ஹோம் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாக இருந்த பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் 1922-இல் உருவாக்கிய அமைப்பு அது. எலக்ட்ரோலக்ஸ் அதை 1925-இல் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் பம்ப் இல்லை, அசையும் பாகமே இல்லை. கீழே கொதிகுழாயில் சூடேறும் அம்மோனியாக் கரைசலிலிருந்து ஆவி மேலே போகிறது, குளிர்ந்து திரவமாகிறது, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகிப் பெட்டியின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, பிறகு தண்ணீரில் கரைந்து மெல்லிய சரிவில் வழிந்து கொதிகுழாய்க்கே திரும்புகிறது. திரவம் வழிவது முழுக்கப் புவியீர்ப்பால். பெட்டி சாய்ந்தால் குழாயின் ஒரு வளைவில் திரவம் தேங்கிவிடும். கொதிகுழாய்க்குத் திரும்புவது குறையும். அடியில் நெருப்போ நிற்காமல் எரியும். குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி, துருப்பிடிக்காமலிருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் படிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு வண்டியை மட்டமாக்கினாலும் அடைப்பு போகாது. குளிர்க்கருவிப் பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். வண்டி ஓடும்போது இந்தச் சிக்கல் இல்லை. குலுக்கலில் திரவம் ஓரிடத்தில் தேங்குவதில்லை. மணிக்கணக்கில் சாய்ந்து நிற்பதுதான் அதைக் கெடுக்கிறது.

எவ்வளவு சாய்வு தாங்கும்? பல மாடல்களின் கையேடுகள் தரும் வரம்பு, பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பக்கவாட்டு, ஃபிரிட்ஜின் முகத்தைப் பார்த்து நின்று சொல்லும் பக்கவாட்டு. மோட்டார் ஹோமில் ஃபிரிட்ஜ் பெரும்பாலும் பக்கச் சுவரில், நடைபாதையைப் பார்த்து இருக்கிறது. ஆகவே ஃபிரிட்ஜின் இடவலம் என்பது வண்டியின் முன்பின். கடுமையான 3 டிகிரி வரம்பு வண்டியின் நீளவாக்கில்தான் பொருந்தும். நீளவாக்குச் சாய்வைச் சரிசெய்வதுதான் கட்டை வைப்பவருக்கு மிகக் கடினமானதும்.

கணக்கைப் போட்டால் புரியும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிச் சாய்வைச் சரிசெய்ய 3.3 சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 4 மீட்டர் என்றால், அதே ஒரு டிகிரிக்கு 7 சென்டிமீட்டர். பெரிய பேருந்து வடிவ வண்டிகளுக்கு அடிச்சட்டமாக அமையும் ஃபோர்டு எஃப்-53-இன் நீண்ட வகையில் இந்த இடைவெளி 6.4 மீட்டர், அங்கே டிகிரிக்கு 11 சென்டிமீட்டர். தரை ஒரு திசையில் 3 டிகிரி சரிகிறது என்றால், 4 மீட்டர் வண்டியைச் சரிவின் போக்கிலேயே நிறுத்துகிறவர் 21 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஏறுகட்டைகள் அந்த உயரத்தில் பாதிக்கு வருவதே பெரிது. அதே இடத்தில் வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினால், தேவை 10 சென்டிமீட்டர். அதற்குக் கட்டை போதும். தரை மாறவில்லை, கருவி வாங்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதுதான் நடந்தது.

குறுக்கே நிறுத்துவதில் இன்னொரு லாபம் உண்டு. தனியாகப் பயணிப்பவருக்கு அதுதான் முக்கியம். சரிவு வண்டியின் பக்கவாட்டில் இருப்பதால், வண்டி முன்னோ பின்னோ உருண்டுபோக வழி குறைவு. கட்டை வைக்கக் குனிந்திருக்கும்போது பின்னால் பிரேக்கை மிதித்துக்கொண்டு யாரும் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

அளப்பது அடுத்தது. ரசமட்டக் குழாயில் குமிழைப் பார்ப்பது எல்லாக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை. மெல்கிசெடெக் தெவனோ என்ற பிரெஞ்சுக்காரர் அதை 1661 வாக்கில் அமைத்ததாகச் சொல்வார்கள். அதன் பிறகு அடிப்படை மாறவில்லை. தனி ஓட்டுநருக்கு அதில் உள்ள குறை ஒன்றுதான்: குமிழ் உள்ளே இருக்கிறது, கட்டை வெளியே இருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இறங்கு, வை, ஏறு, நகர்த்து, பின்னால் போய்க் குமிழைப் பார், மறுபடி இறங்கு. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இது தண்டனை. இதற்காகத்தான் லெவல்மேட் புரோ போன்ற புளூடூத் சென்சார்கள் வந்தன. வண்டிக்குள் ஒருமுறை பதித்துவிட்டால், எந்தச் சக்கரம் எத்தனை அங்குலம் உயர வேண்டும் என்று போன் திரையில் காட்டும். துணைக்கருவிகளில் தனியாகப் பயணிப்பவர் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது இதுவே என்பேன். வாங்க மனமில்லாதவர் டாஷ்போர்டில் இரண்டு சிறு ரசமட்டங்களை ஒட்டிக்கொள்ளலாம், ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. எதுவானாலும் முதலில் ஃபிரிட்ஜின் உறைபெட்டித் தளத்தில் நல்ல மட்டம் வைத்து அது மட்டமாக இருக்கும்போது மற்றவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். போனையே மட்டமாகப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: பின்புறம் கேமரா புடைத்திருக்கும் போன் மேசையில் சமமாகப் படுக்காது. மல்லாக்கப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அளப்பது நல்லது.

ஐரோப்பாவில் மோட்டார் ஹோம் அடிச்சட்டமாகப் பெரிதும் ஓடும் ஃபியட் டுகாட்டோ வண்டிகள் மட்டமான தரையிலும் மூக்கு தாழ்ந்து நிற்பது உண்டு. அங்கே முன்சக்கரத்தை ஏற்றுவது அன்றாட வேலை. டுகாட்டோ முன்சக்கரத்தால் ஓடுகிற வண்டி என்பதால், ஈரப் புல்லில் முன்சக்கரத்தை ஏறுகட்டையில் ஏற்றப் பார்த்தால் சக்கரம் சுழன்று கட்டையைப் பின்னால் தள்ளிவிடும். கட்டையடியில் கெட்டியான ரப்பர் விரிப்பு போடுவார்கள்.

இனி உயர்த்தும் முறைகள். பழையது மரப்பலகை. அமெரிக்க மரக்கடையில் இரண்டுக்குப் பத்து என்று கேட்டால் கிடைக்கும் பலகை உண்மையில் ஒன்றரை அங்குலம் தடிமன், ஒன்பதேகால் அங்குலம் அகலம். முனையைச் சரிவாக அறுத்து வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் வரும், விலை குறைவு, கனம் அதிகம். அடுத்தது லின்க்ஸ் போன்ற, ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் சதுரங்கள். ஒவ்வொன்றும் சுமார் ஓர் அங்குல உயரம். படிக்கட்டாக அடுக்க வேண்டியிருப்பதால் எண்ணிக்கை வேகமாக ஏறும்: 3 அங்குலத்துக்கு 3, 2, 1 என 6 சதுரம், 4 அங்குலத்துக்கு 10. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு அந்த இரட்டைக்கு மட்டும் 20. ஒரு பக்கத்தை முழுக்க 4 அங்குலம் ஏற்ற 30 சதுரம் வேண்டும் என்பதை விளம்பரப் படத்தில் காட்ட மாட்டார்கள். மூன்றாவது, ஐரோப்பியர்கள் விரும்பும் படியமைத்த ஏறுகட்டை; ஃபியாமா, மிலென்கோ போன்றவர்கள் செய்வது. ஒவ்வொரு படியிலும் சக்கரம் உட்காரக் குழிவு இருப்பதால், எட்டிப் பார்க்க ஆளில்லாமலே வந்துவிட்டோம் என்று இருக்கையிலேயே தெரியும். அந்தக் குழிவு தனி ஓட்டுநருக்கே செய்தது போல இருக்கிறது.

எதை வைத்தாலும் டயரின் அடிப்பரப்பு முழுதும் அதன் மேல் உட்கார வேண்டும். பாதி வெளியே தொங்கினால் டயரின் உள்பட்டைகள் சேதமாகும். பல மாதம் கழித்து நெடுஞ்சாலையில் வெடிக்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. இரட்டைச் சக்கரத்தில் ஒன்றை மட்டும் கட்டையில் ஏற்றி மற்றதை அந்தரத்தில் விடுவதும் அதே தவறு.

நான்கு சக்கரத்துக்கும் எவ்வளவு என்று கணிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வலப்பக்கம் 6 சென்டிமீட்டர் தாழ்வு, முன்பக்கம் 7 சென்டிமீட்டர் தாழ்வு என்றால், இடது பின்சக்கரத்துக்கு ஒன்றும் வேண்டாம். வலது பின் 6, இடது முன் 7, வலது முன் 13. மிக உயரமாக இருக்கும் சக்கரத்தைத் தொடாதே, மற்றதைக் கூட்டிக்கொள். அந்த 13 உங்கள் கட்டைக்கு எட்டாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். ஏறுகட்டை மேல் ஏறுகட்டை அடுக்காதீர்கள்.

ஜாக்கிகள் பற்றிப் பேசாமல் முடியாது. அமெரிக்கப் பெரிய வண்டிகளில் எச்.டபிள்யூ.எச்., லிப்பர்ட் போன்ற நிறுவனங்களின் ஹைட்ராலிக் ஜாக்கிகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் நான்கு கால்களும் இறங்கி வண்டி தானே மட்டமாகும். 11 டன் வண்டிக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் 'தனியாகப் பயணிப்பவர்களுக்கு வரப்பிரசாதம்' என்று விற்கப்படும் இந்தக் கருவிதான் அவர்களைப் பெரிய ஆபத்திலும் கொண்டுபோய் விடக்கூடியது. பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகளில் கியரின் 'பார்க்' நிலையும் பார்க்கிங் பிரேக்கும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கின்றன. சிலவற்றில் அந்த பிரேக் சக்கரத்தில் இல்லாமல் நடுத்தண்டில் இருக்கும். அப்படியானால் ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தாலே போதும், டிஃபரன்ஷியல் வழியாக மற்றதும் சுழல விடுபட்டுவிடும். வண்டியைப் பிடித்திருப்பது ஜாக்கியின் கால் மட்டும். ஜாக்கியின் காலுக்கு நெட்டுக்குத்தாகத் தாங்கத்தான் தெரியும், பக்கத்தள்ளலைத் தாங்கத் தெரியாது. ஆகவே பின்சக்கரம் தரையை விட்டு எழும் அளவுக்குத் தானியங்கி ஜாக்கியை ஓடவிடக் கூடாது. எழும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சக்கரத்தடியில் பலகை போட வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும். ஒரே மூலையைத் தனியாக உயர்த்துவதும் தவறு. சட்டம் முறுகி முன்கண்ணாடி விரிசல் விட்ட கதைகள் நிறைய. இரண்டிரண்டாக உயர்த்த வேண்டும். வெயிலில் இளகிய தார்த்தளத்தில் ஜாக்கிக் கால் புதையும்; அடியில் அகலப் பலகை வேண்டும்.

இன்னும் ஒரு குழப்பம். வண்டியின் மூலைகளில் திருகி இறக்கும் மெல்லிய கால்கள் ஆட்டத்தைக் குறைப்பதற்கு உரியவை, தூக்குவதற்கு உரியவை அல்ல. அவற்றைக் கொண்டு உயர்த்தப் பார்த்தால் அவை வளையும், இல்லாவிட்டால் அடிச்சட்டம் வளையும்.

ஐரோப்பாவில் மட்டப்படுத்துவதில் சட்டமும் குறுக்கே வரும். இத்தாலியின் 1992-ஆம் ஆண்டு சாலைச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, மோட்டார் ஹோம் தன் சக்கரங்களைத் தவிர வேறெதையும் தரையில் ஊன்றாதவரை அதை நிறுத்தி வைப்பதாகவே கருதுகிறது, முகாமிடுவதாக அல்ல. ஜாக்கியை இறக்கினால் நிறுத்திய வண்டி கூடாரமாகிவிடும். முகாம் தடைசெய்யப்பட்ட ஊரில் அபராதம் வரும். இத்தாலியில் நகர வீதியில் இரவைக் கழிக்கப் போகிறவர் மட்டமான இடத்தைத் தேடி ஓட்டுவதே வழி. அதோடு அங்கே சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய வழக்கமான எடை வரம்பு 3,500 கிலோ. ஹைட்ராலிக் அமைப்பின் எடை அந்தக் கணக்கில்தான் கழியும், துணிமணியும் தண்ணீரும் குறையும்.

அமெரிக்கப் பாலைநிலத்தில் சட்டம் இவ்வளவு நெருக்காது, தரைதான் ஏமாற்றும். சுற்றிலும் மேடுபள்ளம், நடுவே மட்டமான மணல்தளம் ஒன்று அழகாக விரிந்து கிடக்கும். முட்செடி இல்லை, கல் இல்லை. அது காட்டாற்றுப் படுகை. ஜூலை முதல் செப்டம்பர் வரையான மழைப் பருவத்தில் பல மைல் தொலைவில் பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே. 4 டிகிரிச் சாய்ந்த மேட்டில் தூங்குவது அதைவிட ஆயிரம் மடங்கு மேல். உயரமான சக்கரத்தடியில் குழி தோண்டி வண்டியை இறக்குகிற பழைய பழக்கமும் வேண்டாம். பொதுநிலத்தில் மண்ணைத் தோண்டுவது தடயம் விட்டுப் போகக் கூடாது என்ற நெறிக்கு விரோதம். போதாததற்கு, மழை பெய்தால் சக்கரம் அந்தக் குழிக்குள்ளேயே சிக்கும்.

ஆக, நடைமுறை என்ன? பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு இடத்தை நடந்து பாருங்கள். எந்தத் திசையில் சரிவு, மறுநாள் எந்த வழியாக வெளியேறுவது, மண் இறுகியதா என்று பாருங்கள். பிறகு உள்ளே ஓட்டிப் போய், சரிவுக்குக் குறுக்காக நின்று மட்டத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் முன்னால், ஒரு மீட்டர் பின்னால், சற்றே திருப்பி என்று இருக்கையிலிருந்தே முயன்று பாருங்கள். பல இடங்களில் கட்டை தேவையே இல்லாமல் போகும். தேவைப்பட்டால்: பார்க்கிங் பிரேக், 'பார்க்' கியர், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குதல், கட்டை வைக்காத சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை, ஆனால் சிறிது நகர இடம் விட்டு. அதற்குப் பிறகுதான் ஏறுகட்டைக்குக் கை போக வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் கட்டை வைத்தால் இரண்டும் சக்கரத்திலிருந்து ஒரே தொலைவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்று ஏறி முடிக்கும்போது மற்றது ஏறத் தொடங்கும். எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டாம். பல இடங்களில் கைபேசிக் கோபுரம் எட்டாது, கூப்பிட்டால் வரவும் ஆளில்லை.

எவ்வளவு மட்டம் போதும் என்பதில் என் தீர்ப்பு, சந்தை சொல்வதைவிடத் தாராளமானது. உறிஞ்சு வகை ஃபிரிட்ஜ் உள்ளவர் நீளவாக்கிலும் குறுக்கிலும் 3 டிகிரிக்குள் நிற்கட்டும். கையேடு வேறு வரம்பு சொன்னால் அதையே பின்பற்றட்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் உள்ளவருக்கு அந்தக் கவலை இல்லை. மனிதர்கள் படுக்கக்கூடிய எந்தச் சாய்விலும் அது ஓடும். அவர் தலைமாடு கொஞ்சம் மேலே இருக்கும்படி நிறுத்தினால் போதும். புதிய வேன்களில் கம்ப்ரசர் வகையே பெருகி வருகிற நிலையில், பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் கருவிகளுக்குச் செலவழிப்பது வீண். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் வழிந்தோட ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் செய்வதில் தப்பில்லை.

யெல்லோஸ்டோனுக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ வாடகை மோட்டார் ஹோம் எடுக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை வண்டியில் ஏறுகட்டை தானாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சாவியை வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுவதா, கம்ப்ரசரா? ஏறுகட்டையும் முட்டுக்கட்டையும் வண்டியில் இருக்கின்றனவா? இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், வழியில் ஏதாவது வால்மார்ட்டில் நிறுத்தி வாங்கிக்கொண்டு போங்கள்.